பழைய மேசை விரிப்புகளையும் தலையணை உறைகளையும் வெட்டித் தைக்கலாமா?

நூற்கண்டு கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். என் பெரியம்மா பல ஆண்டுகளாகச் சேர்த்து வைத்திருந்த வீட்டுத் துணிகள் ஒரு மரப்பெட்டியோடு என்னிடம் வந்திருக்கின்றன. வெள்ளையின் மேல் வெள்ளையாகப் பூ நெய்த பெரிய மேசை விரிப்புகள், மூலைக்கு மூலை வண்ண நூலால் பூத்தையல் போட்ட சிறிய விரிப்புகள், குரோஷே ஓரம் வைத்த தலையணை உறைகள், பெயரின் முதலெழுத்தைச் சிவப்பு நூலில் தைத்த கைத்துடைப்புத் துணிகள், துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆகிவிட்ட படுக்கை விரிப்புகள் என்று அதில் எல்லாமே இருக்கின்றன. சில துணிகள் இன்றைக்கும் புதியவை போலவே இருக்கின்றன. சிலவற்றில் மடிப்பு விழுந்த இடமெல்லாம் பழுப்புக் கோடு ஓடுகிறது. பூத்தையல் போட்ட ஒரு விரிப்பின் நடுவில் கறையும் ஓட்டையும் இருந்தாலும், அதன் ஓரங்களும் மூலைகளிலுள்ள பூக்களும் சேதமில்லாமல் இருக்கின்றன.

இவற்றைப் பெட்டிக்குள்ளேயே பூட்டி வைப்பதில் எனக்கு விருப்பமில்லை. குஷன் உறை, சன்னலின் கீழ்ப்பாதிக்கு ஒரு திரை, மேசையின் நடுவில் போடும் நீள விரிப்பு, முடிந்தால் ஓர் ஒட்டுத்துணிப் போர்வை என்று, வீட்டில் நாள்தோறும் கண்ணில் படும் பொருள்களாக மாற்ற நினைக்கிறேன். ஆனால் கத்தரிக்கோலைக் கையில் எடுத்தவுடன் தயக்கம் வந்துவிடுகிறது. ஒருவர் கண்ணை வருத்தி இழை இழையாகத் தைத்ததை வெட்டுவது முறையா என்பது என் முதல் கேள்வி. வெட்டலாம் என்றால், எதை வெட்டலாம், எதை வெட்டக்கூடாது என்று எப்படிப் பிரிப்பது? பழுப்பையும் கறையையும் துணிக்குக் கேடில்லாமல் எப்படி நீக்குவது? இவ்வளவு பழைய துணி தையல் இயந்திரத்தின் ஊசியைத் தாங்குமா? தையலில் எனக்கு ஓரளவு பழக்கம் உண்டு, ஆனால் பழைய துணியில் தைத்துப் பழக்கமில்லை. அனுபவம் உள்ளவர்கள் விளக்கமாகவே சொல்லுங்கள்.

கைத்தையல்:

வணக்கம் நூற்கண்டு. உங்கள் தயக்கம் நியாயமானது. ஆனால் துணியின் அழகைப் பார்த்து முடிவெடுப்பதைவிட, அதில் எஞ்சியிருக்கும் வலுவைப் பார்த்து முடிவெடுப்பதே சரி என்பது என் உறுதியான கருத்து. அழகான துணி நைந்து போயிருக்கலாம், எந்த வேலைப்பாடும் இல்லாத படுக்கை விரிப்பு இன்னும் பல காலம் உழைக்கக்கூடியதாக இருக்கலாம். நைந்த துணியில் குஷன் உறை தைத்தால், முதுகு சாயும் இடத்தில் சில மாதங்களிலேயே அது கிழிந்துவிடும். அப்போது துணியும் போய்விடும், அதில் இட்ட உழைப்பும் போய்விடும்.

ஆகவே முதலில் ஒவ்வொரு துணியையும் பகல் வெளிச்சத்தில் சன்னலுக்கு எதிராக விரித்துப் பிடியுங்கள். நெசவு சீராக இருக்கும் இடத்தில் வெளிச்சம் ஒரே மாதிரி ஊடுருவும். தேய்ந்த இடங்கள் தனியாக வெளுத்துத் தெரியும், இழை அறுந்த இடத்தில் மெல்லிய கோடுகள் தென்படும். மடிப்புக் கோடுகளைக் குறிப்பாகப் பாருங்கள். ஆண்டுக்கணக்கில் ஒரே கோட்டில் மடித்து வைத்த துணி அந்தக் கோட்டில்தான் முதலில் அறும். அடுத்து, ஓட்டை இல்லாத ஓர் இடத்தை இரண்டு கட்டைவிரல்களுக்கும் ஆள்காட்டி விரல்களுக்கும் இடையே பிடித்துப் பாவு (நீளவாட்டில் ஓடும் இழை) வாட்டத்தில் ஒரு முறையும் ஊடை (குறுக்கே ஓடும் இழை) வாட்டத்தில் ஒரு முறையும் மெதுவாக இழுத்துப் பாருங்கள். நல்ல துணி சிறிது கொடுத்து, விட்டவுடன் பழைய நிலைக்குத் திரும்பும். வலுவிழந்த துணி மெல்லிய நறநறப்போடு இழைவிடும். அந்த ஓசையைக் கேட்டவுடன் கையை விட்டுவிடுங்கள், அதற்குமேல் சோதிக்க வேண்டியதில்லை.

என்ன துணி என்று தெரிந்துகொள்வதும் அவசியம். லினன் ஆளிச்செடியின் தண்டு நாரிலிருந்து வருவது. அதன் நூல் ஆங்காங்கே தடித்தும் மெலிந்தும் ஓடும், தொட்டால் குளிர்ச்சியாக இருக்கும், கசக்கினால் மடிப்பு அப்படியே நிற்கும். பருத்தி நூல் இன்னும் சீராக இருக்கும். ஐயமிருந்தால், ஓர மடிப்பின் உட்புறத்திலிருந்து இரண்டு இழைகளை உருவி இடுக்கியில் பிடித்து, பாதுகாப்பான இடத்தில் எரித்துப் பாருங்கள். பருத்தியும் லினனும் காகிதம் எரியும் மணத்தோடு எரிந்து மென்மையான சாம்பலாகும், பட்டும் கம்பளியும் முடி கருகும் மணம் தரும், பாலியஸ்டர் உருகி இறுகிய மணியாக நிற்கும். பாலியஸ்டர் இழை 1941-இல் இங்கிலாந்தில் கண்டுபிடிக்கப்பட்டு 1950-களில்தான் பரவலாகச் சந்தைக்கு வந்தது. எனவே நெசவில் பாலியஸ்டர் கலந்திருந்தால், குடும்பத்தில் சொல்லப்படும் காலம் எதுவாயினும், அந்தத் துணி அதற்குப் பிற்பட்டதே.

நீங்கள் குறிப்பிட்ட வெள்ளையின் மேல் வெள்ளைப் பூ, டமாஸ்க் நெசவாக இருக்கும். பாவு இழைகள் மேலே மிதக்கும் பகுதியும் ஊடை இழைகள் மேலே மிதக்கும் பகுதியும் ஒளியை வெவ்வேறு விதமாகத் திருப்பி அனுப்புவதால்தான் ஒரே நிற நூலில் பூ தெரிகிறது. இதனால் அதன் இரு பக்கங்களும் பயன்படும் என்றாலும், ஒன்றுக்கொன்று நேர்மாறாக மின்னும். துண்டுகளாக வெட்டும்போது எது மேல்பக்கம், எது பாவு வாட்டம் என்று ஒவ்வொரு துண்டிலும் ஒரு நூல் முடிச்சால் அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். அடையாளமில்லாமல் வெட்டிய துண்டுகளை இணைத்தால், தைக்கும்போது ஒரே வெள்ளையாகத் தெரிந்தவை, சுவரோரம் சாய்ந்த வெளிச்சத்தில் வைத்தவுடன் ஒன்று வெளுப்பாகவும் மற்றொன்று மங்கலாகவும் நிற்கும்.

இனி முறையா என்ற கேள்வி. முழுமையாகவும் வலுவாகவும் இருக்கும் கைவேலையை நான் வெட்ட மாட்டேன். வெட்டாமலே பயன்படுத்த எத்தனையோ வழிகள் உண்டு. ஒரு சிறிய விரிப்பின் மேல் ஓரத்தை மடித்துக் கவ்வி வளையங்களில் மாட்டினால் அது சன்னல் திரை. இரண்டாக மடித்து நீளவாட்டில் போட்டால் அது மேசையின் நடுவிரிப்பு. எப்போது வேண்டுமானாலும் பிரித்து மீண்டும் விரிப்பாக்கலாம். நடுவில் ஓட்டை விழுந்த விரிப்பின் நிலை வேறு. அதை வெட்டாமல் வைத்திருந்தால் யாரும் மேசையில் விரிக்கப் போவதில்லை, வெட்டினால்தான் அதன் மூலைப் பூக்கள் பிழைக்கும். வெட்டுவதற்கு முன் முழுத் துணியையும் விரித்து நிழற்படம் எடுத்து, யாருடையது, எங்கே பயன்பட்டது என்று தெரிந்ததை எழுதி வைத்துவிடுங்கள்.

வெண்துணி:

கைத்தையல் சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். வெளுப்பதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் பழைய துணிகளில் பெரும்பாலானவை கெடுவது சலவையில்தான்.

பருத்தியும் லினனும் செல்லுலோஸ் இழைகள். காற்றும் வெளிச்சமும் படப்பட அவை சிதைந்து, பழுப்பு நிறமுள்ள அமிலத் தன்மையான பொருள்களாக மாறுகின்றன. மரப்பெட்டியிலிருந்தும் அட்டையிலிருந்தும் கசியும் அமிலம் இதை விரைவுபடுத்தும். மடிப்புகளில் பழுப்புக் கோடு ஓடுவதற்கும் பெட்டியின் பலகையைத் தொட்டுக்கொண்டிருந்த பக்கம் மட்டும் கூடுதலாகப் பழுப்பேறியிருப்பதற்கும் இதுவே காரணம். இந்தப் பொருள்களில் பெரும்பகுதி வெறும் தண்ணீரிலேயே கரையக்கூடியது. ஆகவே எந்த வெளுப்பானையும் தேடுவதற்கு முன், அகலமான தொட்டியில் ஒரு வெள்ளைப் படுக்கை விரிப்பைப் பரப்பி, அதன்மேல் பழைய துணியை வைத்து, துணி மூழ்கும் அளவுக்குக் குளிர்ந்த தண்ணீர் ஊற்றி ஊறவிடுங்கள். சில மணி நேரத்தில் தண்ணீர் தேநீர் நிறத்துக்கு வந்துவிடும். அதை வடித்துவிட்டுப் புதுத் தண்ணீர் மாற்றுங்கள். தண்ணீர் தெளிந்து நிற்கும் வரை இதைத் தொடருங்கள். அந்த நிறத்தோடு அமிலமும் வெளியேறுவதால், உலர்ந்தபின் துணி முன்னைவிட மென்மையாகவே இருக்கும்.

கீழே ஒரு விரிப்பைப் பரப்பச் சொன்னதற்குக் காரணம் உண்டு. நல்ல பருத்தியும் லினனும் நனைந்தால் வலுக்கூடும் இழைகள்தான். ஆனால் நைந்த துணி தண்ணீரின் எடையைத் தாங்காது. கீழ்விரிப்பின் நான்கு முனைகளையும் பிடித்துத் தூளி போலத் தூக்கினால் பாரம் பழைய துணியின்மேல் விழாது. பளபளப்பான ரேயான் துணியானால் இன்னும் எச்சரிக்கை வேண்டும், ஏனென்றால் அது நனைந்தால் தன் வலுவில் ஏறக்குறைய பாதியை இழந்துவிடும். எந்தத் துணியானாலும் முறுக்கிப் பிழிய வேண்டாம். கனமான துவாலையில் வைத்துச் சுருட்டி அழுத்தினால் போதும்.

தண்ணீரில் போகாத பழுப்புக்கு சோடியம் பெர்கார்பனேட் நல்லது. அது தண்ணீரில் கரைந்து ஹைட்ரஜன் பெராக்சைடையும் சலவைச் சோடாவையும் தருகிறது. வாசனையும் நிறமும் சேர்க்காத பெர்கார்பனேட்டை வாங்கி, உறையில் எழுதிய அளவுக்கு மிகாமல், ஏறக்குறைய 40 டிகிரி வெப்பமுள்ள தண்ணீரில் முழுவதும் கரைத்த பிறகே துணியை இறக்குங்கள். கரையாத துகள் துணியின்மேல் தங்கினால் அந்த இடம் மட்டும் தனியாக வெளுக்கும். பட்டுக்கும் கம்பளிக்கும் இந்தக் காரம் ஆகாது, பூத்தையலில் பட்டு நூல் கலந்திருக்கிறதா என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

இங்கே ஒன்றை மிக அழுத்தமாகச் சொல்ல வேண்டும். செம்பழுப்பாக, ஓரம் தெளிவாகத் தெரியும் சிறு புள்ளிகள் இருந்தால் அவை துருவாக இருக்கலாம். துரு உள்ள இடத்தில் பெராக்சைடு பட்டால் இரும்பு அதைத் தூண்டி விரைவாகச் சிதையச் செய்யும். அந்த வினையில் அங்குள்ள செல்லுலோஸும் சேர்ந்து அரிக்கப்படும், புள்ளி போன இடத்தில் ஓட்டைதான் மிஞ்சும். எனவே துருவை முதலில் எலுமிச்சைச் சாற்றாலோ சிட்ரிக் அமிலக் கரைசலாலோ தனியாக நீக்கி, நன்றாக அலசிய பிறகே பெர்கார்பனேட்டுக்கு வர வேண்டும். ஆக்சாலிக் அமிலம் இதைவிட விரைவாக வேலை செய்யும், ஆனால் அது நஞ்சு. கையுறையும் காற்றோட்டமும் இல்லாமல் அதைத் தொடவே கூடாது.

குளோரின் வெளுப்பானைப் பழைய துணிக்குப் பயன்படுத்தாதீர்கள். 1799-இல் சார்லஸ் டெனன்ட் வெளுப்புத் தூளுக்குக் காப்புரிமை பெற்ற பிறகு, புல்வெளியில் மாதக்கணக்கில் விரித்து வெயிலில் வெளுத்த வேலை சில நாள்களில் முடியத் தொடங்கியது உண்மைதான். புதுத் துணி அதைத் தாங்கும். ஏற்கெனவே சிதையத் தொடங்கிய செல்லுலோஸ் தாங்காது, அன்றைக்கு வெள்ளையாகத் தெரிந்தாலும் இழை உள்ளுக்குள் அறுந்துகொண்டே வரும். நீலம் போடுவது பழுப்பைக் கண்ணுக்கு மறைக்குமே தவிர நீக்காது. ஒளிர்வூட்டி கலந்த சலவைத்தூள், தந்த நிறத்தில் இருந்த பழைய லினனுக்கு நீலம் பாய்ந்த புது வெள்ளையைக் கொடுத்துவிடும், அந்த நிறத்தை விரும்புகிறவர்கள் தவிர்க்க வேண்டும்.

சிவப்பு நூல் எழுத்துகளைப் பற்றி: 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பரவிய சிவப்புப் பூத்தையலில் சாயம் போகாத நூலும் உண்டு, முதல் நனைப்பிலேயே இளஞ்சிவப்பாகக் கசியும் நூலும் உண்டு. பார்வையால் பிரித்தறிய முடியாது. பின்பக்கத்தில் ஒரு நூல்முனையின்மேல், சலவைக் கரைசலில் நனைத்த வெள்ளைப் பஞ்சைச் சில நிமிடம் அழுத்தி வையுங்கள். பஞ்சில் சிறிதளவு நிறம் ஏறினாலும் அந்தத் துணியை ஊறவைக்கக் கூடாது. கறை முழுவதும் போகும் முன் இஸ்திரிப் பெட்டியைத் தொடாதீர்கள், சூடு கறையை நிலைக்க வைத்துவிடும். பூத்தையல் உள்ள துணியைத் தடித்த துவாலையின்மேல் முகம் கவிழ்த்துப் போட்டு, சற்று ஈரமாக இருக்கும்போதே தேய்த்தால் பூ எழும்பி நிற்கும்.

நூற்கண்டு:

இருவருக்கும் மிக்க நன்றி. சன்னல் வெளிச்சத்தில் எல்லாவற்றையும் பார்த்துப் பிரித்துவிட்டேன். டமாஸ்க் விரிப்புகள் வலுவாக இருக்கின்றன, அவற்றை வெட்டப் போவதில்லை. பூத்தையல் விரிப்பு நடுவில் மட்டும் நைந்திருக்கிறது. படுக்கை விரிப்புகள் நடுவில் கண்ணாடி போல மெலிந்து, இரு ஓரங்களிலும் திடமாக இருக்கின்றன. சிவப்பு எழுத்துத் துணிகளில் ஒன்று பஞ்சில் நிறம் விட்டது, அதைத் தனியாக எடுத்து வைத்துவிட்டேன். குரோஷே ஓரம் நன்றாக இருக்கிறது, ஆனால் அது தைக்கப்பட்ட தலையணை உறைத் துணி முற்றிலும் நைந்துவிட்டது. இனி இவற்றை எப்படித் தைப்பது என்று யாராவது சொல்ல முடியுமா? குஷன் திண்டு 40 சென்டிமீட்டர் சதுரம்.

ஊசிமுனை:

வணக்கம். படுக்கை விரிப்பிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் மற்ற எல்லாவற்றுக்கும் அதுதான் மூலப்பொருள். நடுவில் மட்டும் தேய்ந்த விரிப்பை நீளவாட்டில் நடுவே வெட்டி, திடமான இரு வெளிக்கரைகளையும் ஒன்றோடொன்று சேர்த்துத் தட்டையாகத் தைத்து, தேய்ந்த பகுதி புதிய ஓரங்களாக வரும்படி மடித்துத் தைப்பது பழைய வழக்கம். 1941 முதல் 1949 வரை பிரிட்டனில் துணிக்குப் பங்கீடு இருந்த காலத்தில் வீட்டுக்கு வீடு இப்படிச் செய்தார்கள். படுக்கைக்கு வேண்டாம் என்றால், திடமான ஓரப் பகுதிகளைக் குஷனின் பின்பக்கத்துக்கும் பூத்தையலுக்கு உட்தாங்கலுக்கும் போர்வையின் அடிப்பக்கத்துக்கும் வெட்டிக்கொள்ளுங்கள். பலமுறை துவைத்த துணி இனிமேல் சுருங்காது என்பதால், பழைய துணிக்குப் பழைய துணியே பொருத்தமான துணை. புதுப் பருத்தியைச் சேர்ப்பதாக இருந்தால் அதை முதலில் நனைத்து உலர்த்திவிடுங்கள், இல்லாவிட்டால் முதல் சலவையில் புதுத்துணி சுருங்கிப் பழைய துணியை இழுக்கும்.

குஷனுக்கு: 40 சென்டிமீட்டர் திண்டுக்கு முன்பக்கத்தை 42 சென்டிமீட்டர் சதுரமாக வெட்டுங்கள். சுற்றிலும் ஒன்றரை சென்டிமீட்டர் தையலுக்கு விட்டால் தைத்து முடித்தபின் உறை 39 சென்டிமீட்டர் இருக்கும். திண்டைவிட உறை சிறிது சிறியதாக இருந்தால்தான் குஷன் தொளதொளவென்று இருக்காது. பின்பக்கத்துக்கு 42-க்கு 30 சென்டிமீட்டரில் இரண்டு துண்டுகள் வேண்டும். ஒவ்வொன்றின் ஒரு நீள ஓரத்தை 3 சென்டிமீட்டர் செலவாகும்படி இருமுறை மடித்துத் தைத்து, இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக 12 சென்டிமீட்டர் ஏறியிருக்கும்படி வைத்தால் ஜிப்பும் பொத்தானும் இல்லாத உறை கிடைக்கும். பழைய துணியில் ஜிப் வைக்காமலிருப்பது நல்லது. உறையைக் கழற்றி மாட்டும் ஒவ்வொரு முறையும் அந்த முனைகளில்தான் இழுப்பு விழும்.

வெட்டுவதற்கு முன் துணியின் இழை நேராக இருக்கிறதா என்று பாருங்கள். பழைய விரிப்புகள் துவைத்துக் காயும்போது கோணலாகியிருக்கும். ஓரத்தில் ஓர் ஊடை இழையை நுனியில் பிடித்து மெதுவாக உருவினால், துணியின் குறுக்கே அது விட்டுச்செல்லும் மெல்லிய வழி தெரியும். அந்த வழியிலேயே வெட்டினால் கோணல் வராது. அளவுகோலையும் சுண்ணக்கட்டியையும்விட இதையே நான் நம்புகிறேன். மூலைப் பூவை வெட்டும்போது, நடுவில் சதுரச் சாளரம் வெட்டிய ஓர் அட்டையைத் துணியின்மேல் நகர்த்தி நகர்த்திப் பார்த்து இடத்தை முடிவு செய்யுங்கள். பூவின் கடைசி இதழ் தையல் கோட்டிலிருந்து குறைந்தது 2 சென்டிமீட்டர் உள்ளே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் குஷன் உப்பியவுடன் அது பக்கவாட்டில் மறைந்துவிடும்.

ஊசியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். மெல்லிய பருத்திக்கு 70 எண்ணும் லினனுக்கு 80 எண்ணும் பொருந்தும். முக்கியமானது, ஊசி புதிதாக இருக்க வேண்டும். மழுங்கிய ஊசி இழையை விலக்காமல் அறுத்துவிடும். தையல் நீளத்தை இரண்டரை மில்லிமீட்டருக்குக் குறைக்காதீர்கள். நெருக்கித் தைத்தால் உறுதி என்று தோன்றும், ஆனால் பழைய துணியில் நெருங்கிய துளைகள் அஞ்சல்தலைத் தாளின் துளைவரிசை போலாகி, அந்தக் கோட்டிலேயே கிழியும். பாலியஸ்டர் நூலைத் தவிர்த்துப் பருத்தி நூலால் தையுங்கள். இழுப்பு வரும்போது துணி அறுவதற்கு முன் நூல் அறுவதே மேல், நூலை மீண்டும் தைத்துக்கொள்ளலாம். மெல்லிய பூத்தையல் துணிக்குப் பின்னால் மிக மெல்லிய ஒட்டுக் கேன்வாஸை மிதமான சூட்டில் ஒட்டிவிட்டால், வெட்டும்போதும் தைக்கும்போதும் நழுவாது.

சன்னல் திரைக்கு: வெயில் செல்லுலோஸைச் சிதைக்கும் என்பதால், வெயில் விழும் பக்கத்தில் படுக்கை விரிப்புத் துணியால் ஒரு லைனிங் கொடுங்கள். திரையின் அடிப்பக்கத்தில் விரிப்பின் பழைய ஓர வேலை அப்படியே வரும்படி அமைத்தால், புதிதாக அடிமடிப்புத் தைக்க வேண்டிய தேவையே இல்லை.

குரோஷே ஓரத்தைத் தலையணை உறையிலிருந்து பிரிக்கும்போது, பின்னலைத் தொடாமல் துணிப்பக்கத்தை ஒட்டி வெட்டி, பிறகு மீதித் துணியின் இழைகளை ஒவ்வொன்றாக உருவி எடுங்கள். நேரம் பிடிக்கும் வேலைதான், ஆனால் பின்னலின் முதல் வரிசை அந்தத் துணிக்குள்ளேயே குத்திப் பின்னப்பட்டிருந்தால் வேறு வழியில் பிரித்தால் வரிசை அவிழ்ந்துவிடும். அப்படிப் பின்னப்பட்டிருந்தால் ஓரமாக அரை சென்டிமீட்டர் துணியை விட்டு வெட்டி, அந்தத் துணியோடு சேர்த்தே புது இடத்தில் மடித்துத் தைப்பது பாதுகாப்பானது. பிரித்த ஓரத்தைத் துவைத்து, ஈரமாக இருக்கும்போதே துருப்பிடிக்காத குண்டூசிகளால் தடித்த பலகையில் குத்தி, ஒவ்வொரு வளைவையும் சமமாக இழுத்து உலரவிட்டு, கையால்தான் தைக்க வேண்டும். இயந்திரத்தின் அழுத்துபாதம் வளையங்களில் மாட்டிக்கொள்ளும்.

பாவும் ஊடையும்:

ஊசிமுனை சொன்னவற்றில் ஒட்டுக் கேன்வாஸை மட்டும் ஏற்க முடியவில்லை. இயந்திரத்தில் அச்சிட்ட துணிக்கு அது போதும். கைப்பூத்தையலுக்கு வேண்டாம். பசை காலப்போக்கில் பழுப்பேறி இறுகும், பூவின் பின்னால் ஓடும் நூல்களையும் சேர்த்து ஒட்டிவிடும், பின்னால் வருகிறவர் பிரிக்க நினைத்தாலும் பிரிக்க முடியாது. அதற்கு மாற்றாக, மெல்லிய மல் துணியையோ உங்கள் படுக்கை விரிப்பின் மெல்லிய பகுதியையோ பின்னால் வைத்து, நடுவிலிருந்து வெளிநோக்கி விரலால் நீவி, பூவின் ஓரங்களைச் சுற்றியும் தையல் கோட்டிலும் கச்சா தையல் போட்டுக்கொள்ளுங்கள். இரண்டு துணிகளும் ஒன்றாகவே நடந்துகொள்ளும். நைந்த இடம் தப்பித் தவறிக் குஷனுக்குள் வந்துவிட்டாலும், இந்தத் தாங்கல் துணியோடு சேர்த்து வரிசை வரிசையாகச் சிறு ஓட்டுத் தையல் போட்டால் இழுப்பு முழுவதும் தாங்கலுக்கே போய்விடும்.

கறை போகாத துணிகளைச் சாயம் தோய்க்கலாம். 1956-இல் சந்தைக்கு வந்த வினைச்சாய வகை, செல்லுலோஸோடு வேதிப்பிணைப்பு கொள்வதால் பருத்தியிலும் லினனிலும் நிலைத்து நிற்கும், கொதிக்க வைக்க வேண்டிய தேவையுமில்லை. கறைத் திட்டு சற்று அடர்ந்த நிழலாகத் தெரியும் என்பதால் நடுத்தர நீலம், கரும்பச்சை போன்ற நிறங்களைத் தேர்ந்தெடுங்கள். பூத்தையல் நூலும் பருத்தியானால் அதுவும் சாயத்தை ஏற்கும் என்பதை மறக்க வேண்டாம். தேயிலைச் சாயத்தைப் பலர் பரிந்துரைப்பார்கள். அதன் துவர்ப்புப் பொருள் அமிலத் தன்மை உடையது என்பதால், வெண்துணி ஊறவைத்து நீக்கச் சொன்னதையே அது மீண்டும் துணிக்குள் ஏற்றுகிறது.

நிறம் விடும் அந்தச் சிவப்பு எழுத்துத் துணியைத் துவைக்காமல் சட்டமிட்டு மாட்டிவிடுங்கள். அமிலமற்ற அட்டையின்மேல் துவைத்த பருத்தித் துணியை இழுத்துக் கட்டி, அதன்மேல் எழுத்துத் துணியைச் சுற்றிலும் சிறு தையல்களால் பொருத்த வேண்டும். பசை கூடாது, கண்ணாடி துணியைத் தொடவும் கூடாது. நேர்வெயில் படாத சுவராகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஊசிமுனை:

கச்சா தையல் போட்ட தாங்கல் கைப்பூத்தையலுக்குச் சிறந்தது என்பதை ஏற்கிறேன். பாவும் ஊடையும் சொன்னபடியே செய்யுங்கள். கேன்வாஸை அச்சிட்ட துணிகளுக்கு வைத்துக்கொள்ளலாம்.

நூற்கண்டு:

மிகவும் தெளிவாகிவிட்டது. நான்கு மூலைப் பூக்களையும் நான்கு குஷன்களுக்கு எடுத்துக்கொள்கிறேன், நடுப்பகுதியில் தேறும் துண்டுகள் போர்வைக்குப் போகட்டும். ஒரே ஓர் ஐயம்: மூலைப் பூ விரிப்பின் கோணத்துக்கு ஏற்பச் சாய்வாகத் தைக்கப்பட்டிருக்கிறது. குஷனில் அது நேராக நிற்க வேண்டுமானால் துணியைச் சாய்வாக வெட்ட வேண்டியிருக்கிறதே? வெட்டாமல் வைக்கப்போகும் டமாஸ்க் விரிப்புகளை இனி எப்படி வைப்பது என்பதையும் சொல்லுங்கள்.

கைத்தையல்:

சாய்வாக வெட்ட வேண்டாம். சாய்வாட்டத்தில் வெட்டிய பழைய துணி நீண்டு தளர்ந்துவிடும். இழை நேராகவே 42 சென்டிமீட்டர் சதுரம் வெட்டி, பூ ஒரு மூலையிலிருந்து உள்நோக்கி வளர்வது போல விட்டுவிடுங்கள், அதைத் தைத்தவர் அமைத்ததும் அப்படித்தானே. பூவை நடுவில் நேராக நிறுத்தியே ஆக வேண்டுமென்றால், பூவைச் சுற்றி ஒரு சிறு சதுரத்தை வெட்டி, ஓரங்களை உள்ளே மடித்து, இழை நேராக வெட்டிய படுக்கை விரிப்புத் துணியின்மேல் சாய்த்து வைத்துக் கையால் பொருத்துங்கள். இழுப்பை அடித்துணி தாங்கிக்கொள்ளும்.

டமாஸ்க் விரிப்புகளைக் கஞ்சி போடாமல் வையுங்கள், கஞ்சி இராமபாணப் பூச்சியை அழைத்துவரும். அமிலமற்ற மெல்லிய காகிதத்தை இடையில் வைத்துத் தடித்த குழலில் சுருட்டுவது மிகவும் நல்லது. இடமில்லாவிட்டால் மடிக்கலாம், ஆனால் மடிப்புக்குள் காகிதச் சுருளை வைத்து, எடுக்கும்போதெல்லாம் வேறு கோட்டில் மடியுங்கள். மரப்பெட்டியையே பயன்படுத்துவதானால், உட்பக்கம் முழுவதும் துவைத்த பருத்தித் துணியால் மூடி, பலகை எங்கும் துணியைத் தொடாதபடி செய்துவிட்டு, அந்தத் துணியை அவ்வப்போது எடுத்துத் துவைத்துப் போடுங்கள்.